தள்ளுவதற்கு ஒரு சைக்கிள்

சமவெளிக்காரர்கள் சைக்கிள் வாங்கும்போது விலையைப் பார்ப்பார்கள், நிறத்தைப் பார்ப்பார்கள், பெல்லை அடித்துப் பார்ப்பார்கள். டயகமவில் நாங்கள் பார்த்தது வேறு. இதைத் தள்ளிக்கொண்டு போகும்போது நம்மை யார் யார் பார்ப்பார்கள் என்பதுதான் எங்கள் கவலை.

தள்ளிக்கொண்டு என்று தெரிந்துதான் சொல்கிறேன். தலவாக்கலையிலிருந்து லிந்துலை, அக்கரப்பத்தனை வழியாக வரும் பஸ் பாதை எங்கள் ஊரோடு முடிந்துவிடும். தலவாக்கலை ரயில் நிலையமே 1200 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அதற்கும் மேலே ஏறி ஏறி வந்தால் டயகம. எங்களுக்கு அப்பால் காடு. காட்டுக்கு மேலே, 2100 மீற்றர் உயரத்தில் ஹோர்ட்டன் சமவெளி. சமவெளி என்ற பெயரில் எங்களுக்கென்று இருக்கிற ஒரே இடத்துக்கும் அரைநாள் மலை ஏறித்தான் போகவேண்டும். ஊருக்குள் மட்டமான இடம் என்றால் காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்களம், கோயில் வாசல், பந்தடிக்கிற மைதானம், இவ்வளவுதான். இந்த மூன்று இடத்துக்கும் போய்வர யாருக்கும் சைக்கிள் தேவைப்பட்டதில்லை.

ஆனாலும் சைக்கிள் ஆசை எங்களை விடவில்லை. காரணம், அந்தக் காலத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஒவ்வொரு பதவிக்கும் ஒரு சக்கரக் கணக்கு இருந்தது. தோட்டத்தை நடத்தும் பெரிய துரைக்கு ஜீப். அவருக்கு முந்திய துரைமாருக்குக் குதிரை. சின்ன துரைக்கு மோட்டார் சைக்கிள். கிளாக்கர் ஐயா, டீமேக்கர் ஐயா, டிஸ்பென்சர் ஐயா ஆகியோரிடம் சைக்கிள் இருந்தாலும் இருக்கும். கணக்கப்பிள்ளைக்கும் கங்காணிக்கும் இரண்டு கால், கையில் ஒரு கம்பு. பறித்த கொழுந்துக்கு லொறி வரும். பறித்தவர்கள் நடந்து வருவார்கள்.

எண்பதுகளில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் ஆசிரிய நியமனம் கிடைக்கத் தொடங்கியது. 1986இல் எனக்கும் ஒன்று வந்தது. அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடம், கணிதம் படிப்பிக்கவேண்டும். காலையில் இறக்கம், மாலையில் ஏற்றம், எந்தப் பக்கம் நடந்தாலும் ஒரு மணித்தியாலத்துக்கு மேலே. பஸ் ஒன்று இருந்தது. வந்த நாட்களில் அதில் தொங்கிக்கொண்டு போனேன். வராத நாட்களில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசல்களில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும், "என்னாங்க மாஸ்டர், நடந்தா போறீங்க?" என்று அக்கறையாகக் கேட்டார்கள். அவர்கள் தாத்தா காலத்திலிருந்து நடந்துகொண்டிருப்பவர்கள். மாஸ்டர் நடப்பது மட்டும் அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

அப்படித்தான் ஒரு சைக்கிள் வாங்குவது என்று தீர்மானமாயிற்று. தீர்மானித்தது நான் மட்டும் அல்ல, லயமே சேர்ந்து தீர்மானித்தது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் காம்பராவின் முன்னால் ஒரு கூட்டம்.

அப்பா, கரியர் பெரிதாக இருக்கவேண்டும் என்றார். "அரிசி மூட்டை ஒன்னு குந்துற மாதிரி இருக்கணும். இல்லாட்டி அது என்னாத்துக்கு?" தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர், மாஸ்டர் நடந்து போவது சங்கத்துக்கே வெட்கம் என்று கருத்துத் தெரிவித்தார். அம்மாவும் பேசினார். 1984 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்றாகிவிட்டது. செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் அவர் பேரும் அப்பா பேரும் ஒரே விலை ஆன பிறகு, வீட்டில் எதை வாங்குவதானாலும் அவருடைய வாக்கும் எண்ணப்பட்டது. "நீ ஏறி ஓட்டுறியோ, எறங்கித் தள்ளுறியோ, நல்ல பெல்லா பார்த்து வாங்கு. வர்றது யாருன்னு லயத்துக்குத் தெரியணும்."

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்த ஆசிரியர் ஒருவர்தான் இந்த விஷயத்தில் நிபுணர். பிறந்ததே சைக்கிள் பாரில் என்பது போலப் பேசுவார்.

"தம்பி, சைக்கிள் எண்டா பாரமா இருக்கோணும். அப்பத்தான் எதிர்க்காத்துக்கு அசையாது."

"இங்க காத்து இல்லீங்க சேர், ஏத்தம்."

"ஏத்தமோ? ஊண்டி மிதிச்சாச் சரி."

அவருடைய ஊரில் ஏற்றம் என்று சொல்லக்கூடியது மதகு மட்டும்தான் என்பது அவர் மேல் எனக்கிருந்த மரியாதையில் தோன்றாமல் போயிற்று.

தெரிவு செய்ய என்னென்ன இருந்தன? பழைய இங்கிலாந்துக்காரன் மூன்று: ரலி, ஹம்பர், ரட்ஜ். ஐயாமார் பென்ஷன் வாங்கிப் போகும்போது விற்றுவிட்டுப் போவார்கள். நம் நாட்டு லுமாலா. எழுபதுகளில் இறக்குமதிக்குப் பூட்டுப் போட்டிருந்த காலத்தில் டியூப் ஒன்று கிடைப்பதே பெரும்பாடு. 1977இல் பூட்டைத் திறந்த பிறகு சீனத்துச் சைக்கிள்களும் கடைக்கு வந்தன. ஆளுக்கொரு பெயரைச் சொல்லி, இதுதான் உறுதி, அதுதான் ஓட்டம் என்று மாலை வரை வாதாடினார்கள். வேடிக்கை என்னவென்றால், எல்லாம் ஒரே வண்டி. சீனாவின் பேர்போன பறக்கும் புறா சைக்கிளே 1930களின் ரலியைப் பார்த்துச் செய்ததுதான். இங்கிலாந்தின் ஒழுங்கான கிராமத்துத் தெருக்களில், நிமிர்ந்து உட்கார்ந்து, தொப்பி கழன்று விழாமல் போவதற்கென்று வரைந்த வண்டி நொட்டிங்ஹாமில் பிறந்து, தியன்ஜின் போய், எப்படியோ டயகம ஏற்றத்தின் அடிவாரத்துக்கும் வந்து சேர்ந்திருந்தது.

அந்த வண்டியின் கணக்கை ஒரு கணித ஆசிரியன் சொல்லாமல் விடக்கூடாது. முன்னால் பல்சக்கரத்தில் 44 பல், பின்னால் பிரீவீலில் 18. மிதியை ஒருமுறை சுற்றினால் பின்சக்கரம் கிட்டத்தட்ட இரண்டரைச் சுற்றுச் சுற்றும். 28 அங்குலச் சக்கரம் சுற்றொன்றுக்கு 2.2 மீற்றர் ஓடும். ஆக, மிதியின் ஒரு சுற்றுக்கு ஐந்தரை மீற்றர். மட்டமான தெருவில் இது ராஜ நடை. இப்போது அதை ஏற்றத்தில் விடுவோம். ஒரு சாதாரண மனிதன் மூச்சு வாங்காமல் தொடர்ந்து கொடுக்கக்கூடிய வலு சுமார் 100 வாற்று. ஆளும் வண்டியும் சேர்த்து 85 கிலோ. நூறு மீற்றருக்கு ஆறு மீற்றர் உயரும் பாதை. இந்த வலுவுக்கு வரும் வேகம் மணிக்கு ஆறு கிலோமீற்றர் சொச்சம்தான். அந்த வேகத்தில், ஒரு சுற்றுக்கு ஐந்தரை மீற்றர் ஓடும் வண்டியின் மிதி நிமிஷத்துக்கு இருபது தடவைகூடச் சுற்றாது. காலால் மிதிப்பதாக இல்லாமல், ஒவ்வொரு மிதியின் மேலும் ஏறி நின்று வேண்டுதல் வைப்பதாக இருக்கும். இறங்கித் தள்ளினால் மணிக்கு நாலு கிலோமீற்றர் போகலாம். ஆகவே அறிவுள்ள எவனும் இறங்கித் தள்ளுவான். நாங்கள் எல்லாரும் அறிவுள்ளவர்களாகவே இருந்தோம்.

அன்று நடந்த விசாரணையில் கரியர் பேசப்பட்டது, பெல் பேசப்பட்டது, செயின் கவர் பேசப்பட்டது, டைனமோ லைட்டுக்காக ஒரு சண்டையே வந்தது. பிரேக் என்று ஒன்று இருப்பதாக யாரும் வாயைத் திறக்கவில்லை.

தீபாவளி அட்வான்ஸ், அம்மா போட்டிருந்த சீட்டு, என் சம்பளம் எல்லாவற்றையும் ஒன்று சேர்த்துத் தலவாக்கலையில் வாங்கினோம். பெயரைச் சொல்லப்போவதில்லை, மேலே சொன்னதுபோல எல்லாம் ஒரே வண்டி. முதல் பயணத்தை அது பஸ்ஸின் கூரையில் செய்தது. மாரியம்மன் கோயில் வாசலில் மாலை போட்டு, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, சபையில் காசு கட்டி லைசென்ஸ் தகடும் வாங்கிப் பூட்டியாயிற்று. இனி ஓட்டப் பழகவேண்டியதுதான் பாக்கி. மைதானத்தில் என் வகுப்புப் பையன்களே சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து பழக்கினார்கள்.

மாஸ்டர் சைக்கிள்காரர் ஆனார். மரியாதை உடனே கூடியது. மாலையில் வேர்த்து விறுவிறுத்துத் தள்ளிக்கொண்டு வரும்போதும் அது குறையவில்லை. சைக்கிள் இல்லாதவன் நடந்தால் நடை. சைக்கிள் இருக்கிறவன் நடந்தால் அது ஒரு தோரணை. கரியரில் அரிசி, சீனி, மண்ணெண்ணெய்ப் போத்தல், திருத்தவேண்டிய கொப்பிக்கட்டு, அக்கம்பக்கத்தார் சொல்லிவிட்ட சாமான். அப்பா சொன்னது சரி, மூட்டை குந்தியது. குந்தியது மூட்டை மட்டும்தான், நான் அல்ல.

பிரேக் விஷயத்துக்கு வருகிறேன். அந்த வண்டிகளில் கைப்பிடியை அழுத்தினால் கேபிள் இழுக்காது. இரும்புக் கம்பிகள் ஒன்றையொன்று தூக்கி, இரண்டு ரப்பர் கட்டைகளைச் சக்கர வளையத்தின் உட்பக்கமாக ஒட்டவைக்கும். வளையம் குரோமியம் பூசிய இரும்பு, கண்ணாடி மாதிரிப் பளபளக்கும். காய்ந்த வெயிலில் அது பிடிக்கும், குறை சொல்லமுடியாது. நனைந்தால் கட்டைக்கும் வளையத்துக்கும் நடுவில் தண்ணீர் படலமாய் நின்றுவிடும். சக்கரம் பல சுற்றுச் சுற்றி அந்த ஈரம் வழித்தெடுக்கப்பட்ட பிறகே கட்டைக்குப் பிடி கிடைக்கும். இன்று நல்ல சைக்கிள்களுக்கு அலுமினிய வளையம் போடுகிறார்கள் என்றால், எடை குறைவு என்பதோடு ஈரத்தில் பிடிக்கும் என்பதும் அதற்குக் காரணம். எங்கள் ஊரில் மே மாதம் தென்மேல் பருவமழை பிடித்தால் செப்டெம்பர் வரைக்கும் சக்கரம் காயாது. மற்ற மாதங்களில் மூடுபனி அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

அப்போது தோட்டத்தில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. துரை எதிரே வந்தால் குடையை மடக்கு, தலைத்துண்டை எடு, சைக்கிளில் இருந்தால் இறங்கு. 1975இல் கம்பனித் தோட்டங்களெல்லாம் அரசுடைமையாகி, வெள்ளைக்காரத் துரைமார் கப்பலேறிப் பத்து வருடத்துக்கு மேலாகியிருந்தது. துரைத்தனம் மட்டும் கப்பலேறாமல் இங்கேயே தங்கிவிட்டது.

ஆடி மாதம் ஒரு காலை, நல்ல தூறல். நான் இறக்கத்தில் வந்துகொண்டிருக்கிறேன். கீழே வளைவில் ஜீப் திரும்பியது, உள்ளே பெரிய துரை. பாதையோரத்தில் கொழுந்துக் கூடையோடு ஒரு கும்பல் ஒதுங்கி நின்றது. நான் முறைப்படி இறங்கத்தான் பார்த்தேன். இரண்டு கையாலும் பிரேக்கை நெரித்தேன். கம்பிகள் தூக்கின, கட்டைகள் ஒட்டின, சக்கரம் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மரியாதை என் மனசில் இருந்தது, வண்டியில் இல்லை. ஜீப் நெருங்கிவிட்டது. செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அம்மா தெரிவு செய்த பெல்லை அடித்தேன். கணீரென்று அடித்துக்கொண்டே, சீட்டை விட்டு எழும்பாமல், துரையின் முகத்துக்கு ஒரு கையெட்டும் தூரத்தில் கடந்து போய், அடுத்த வளைவின் கானுக்குள் விழுந்து நின்றேன். விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. கடந்து போனதை மட்டும் எல்லாரும் பார்த்துவிட்டார்கள்.

மாலைக்குள் செய்தி எல்லா டிவிஷனுக்கும் போய்விட்டது. "மாஸ்டர் தொரைக்கு எறங்கலியாம். பெல்லடிச்சி வழி விடச் சொன்னாராம்." தலைவர் வீடு தேடி வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். துரை மட்டும் ஒருநாள், "என்ன மாஸ்டர், அன்னைக்கு அவசரமா?" என்று கேட்டார். "ஸ்கூலுக்கு லேட்டுங்க" என்றேன். அதன் பிறகு துரையைக் கண்டு சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கம் எங்கள் பக்கம் மெல்ல மெல்ல விட்டுப்போயிற்று. மலையகத்தில் உரிமைகள் எப்படி வந்தன என்பதற்குத் தொழிற்சங்கங்கள் ஆளுக்கொரு பட்டியல் வைத்திருக்கின்றன. எந்தப் பட்டியலிலும் நனைந்த இரும்பு வளையத்தின் பெயரைக் காணோம்.

பிறகு காலம் உருண்டது, சைக்கிள் உருளவில்லை. 1992இல் தோட்டங்கள் மறுபடி கம்பனி கைக்குப் போயின. திரீவீல் வந்தது. லீசிங்காரர் வந்தார். கணக்கப்பிள்ளை மகனும் கங்காணி பேரனும் மோட்டார் சைக்கிளில் பறந்தார்கள். என் சைக்கிள் குசினிச் சுவரில் சாய்ந்து, துணி காயப்போடும் கொடிக்கு ஒரு கால் ஆகி, கடைசியில் பழைய இரும்புக்காரர் தராசில் ஏறியது.

2022 வந்தது, பொருளாதார நெருக்கடியும் கூடவே வந்தது. பெப்ரவரியில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த பெற்றோல் ஜூன் கடைசியில் 470 ஆயிற்று. ஆயிற்று என்றால் அந்த விலைக்குக் கிடைத்தது என்று அர்த்தமில்லை. ஜூலையில் எரிபொருளைப் பங்கிட கியூஆர் அட்டை கொடுத்தார்கள். மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர், திரீவீலுக்கு ஐந்து. அக்கரப்பத்தனையில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்த என் மகன், அந்த நாலு லீற்றருக்காகத் தலவாக்கலை வரை போய் வரிசையில் நின்றான். போய்வந்த தூரத்துக்கே அதில் ஒரு லீற்றர் செலவு. பள்ளிக்கூடங்களைக் கிழமைக்கு மூன்று நாள் நடத்தினார்கள். என் பழைய யாழ்ப்பாணத்து நண்பர் தொலைபேசியில் சிரித்தார். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில் குடாநாடே சைக்கிளில்தான் வாழ்ந்தது. "நீங்கள் இப்பத்தான் தொடங்குறியள் தம்பி, நாங்கள் எப்பவோ பாஸ் பண்ணிட்டம்" என்றார். கூடவே, பாரமான சைக்கிளாகப் பார்த்து வாங்கச் சொல்லவும் அவர் மறக்கவில்லை.

மகன் சைக்கிள் வாங்குவது என்று தீர்மானித்தான். இந்த முறை லயத்துக் கூட்டம் இல்லை. கூட்டத்தின் வேலையை யூடியூப் பார்த்தது. இரவிரவாக யாரோ யாரோ வந்து சஸ்பென்ஷன், டிஸ்க் பிரேக், 21 கியர் என்று அவனுக்கு ஓதினார்கள்.

கடையில் விலையைக் கேட்டதும் நான் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்குப் போயிருந்தது. சைக்கிளும் அதன் கரியரில் ஏறிக்கொண்டது. உருப்படியான கியர் சைக்கிள் எதுவும் அறுபதாயிரத்துக்குக் கீழே இல்லை. எங்கள் கணக்கு ரூபாயில் அல்ல, பேரில்; ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். பல வருடம் கேட்டுக் கேட்டு, 2021 மார்ச்சில்தான் தோட்டத்து நாட்சம்பளம் ஆயிரம் ரூபா ஆகியிருந்தது. ஆக, ஒரு சைக்கிளுக்கு அறுபது பேர். மாதம் இருபத்தைந்து நாள் முழுதாக வேலை கிடைத்து, ஒரு வேளை சோறும் தின்னாமல் இருந்தால், மூன்றாம் மாதம் நடுவில் ஒரு மலைக்காரன் மலைச் சைக்கிள் வாங்கலாம்.

சாமானைப் பார்த்தபோது எனக்கு வந்தது சிரிப்பு. என் காலத்து வண்டியில் மட்காட், கரியர், ஸ்டாண்ட், செயின் கவர், பெல், பம்ப் எல்லாம் இருந்தன, பிரேக்கைத் தவிர. இதில் பிரேக் இருந்தது, மற்ற ஒன்றும் இல்லை. மழையும் சேறும் உள்ள ஊரில் மட்காட் தனி விலை. கரியர் தனி விலை. பெல்கூட.

"அப்பா, இது மவுண்டன் பைக்" என்றான் மகன்.

"மவுண்டன்லதானே நூறு வருசத்துக்கு மேல இருக்கோம். மட்காட் போடச் சொல்லு."

அவனுக்குப் பிடித்தது நடுவில் ஸ்பிரிங் வைத்து, முன்னும் பின்னும் ஆடுகிற ஒன்று. நான் சாக்குக்கட்டியை எடுக்காத குறையாகப் பாடம் நடத்தினேன். மலிவு விலையில் இரண்டு பக்கமும் ஸ்பிரிங் என்றால் எடைதான் கூடும், நீ மிதிக்கிற மிதியில் ஒரு பங்கை அந்த ஸ்பிரிங்தான் தின்னும். பின்பக்கம் ஆடாததை எடு. முன்னால் சின்னப் பல்சக்கரம் 24, பின்னால் பெரியது 28 என்று இருக்கிறதா, எண்ணிப் பார். அந்தக் கியரில், 26 அங்குலச் சக்கரத்தில், மிதியின் ஒரு சுற்றுக்கு வண்டி ஒன்றே முக்கால் மீற்றர் போகும். அதே 100 வாற்று மனிதன், அதே ஆறு கிலோமீற்றர் வேகம், ஆனால் நிமிஷத்துக்கு அறுபது மிதி. அதை முழங்கால் தாங்கும், அப்பாவின் முழங்காலை மாதிரி ஆகாது. வளையம் அலுமினியமா என்று தட்டிப் பார். கேபிளும் பிரேக் கட்டையும் தலவாக்கலையில் வாங்கக் கிடைக்குமா என்று கேள். கிடைக்காத சாமான் பூட்டிய சைக்கிள் எவ்வளவு மலிவானாலும் மலிவு இல்லை.

கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். மகன் நான் சொன்னதை வாங்கினான். நிறம் மட்டும் அவனுடைய தெரிவு, கண்ணைக் குத்துகிற பச்சை.

சைக்கிள் மலையை ஏறியது. எங்கள் ஊர் சரித்திரத்தில் முதல்தடவையாக அக்கரப்பத்தனையிலிருந்து ஒருவன் இறங்காமல் மிதித்து வந்ததை நான் கண்ணால் கண்டேன். முப்பத்தாறு வருடத்துக்கு முன் எனக்கு இது கிடைத்திருந்தால் ஊர் மாலை போட்டிருக்கும். இப்போது ஊர் கேட்டது வேறு.

"மாஸ்டர் மவன் சைக்கிள்லயா போறான்? ஐயோ பாவம், லீசிங்காரன் பைக்கைத் தூக்கிட்டானா?"

சின்னக் கியரில் கால் விறுவிறுவென்று சுழலும், வண்டி ஆமை மாதிரி நகரும். பிள்ளைகள் கூடவே நடந்து வந்து, "அண்ணே, சுத்துறீங்க சுத்துறீங்க, போகவே மாட்டேங்குதே?" என்றார்கள். கொழுந்துச் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு பெரியம்மா அவனைத் தாண்டிப் போனார், "எறங்கித் தள்ளிட்டு வாய்யா, சீக்கிரம் வந்துரலாம்" என்ற ஆலோசனையோடு. அன்று தள்ளிக்கொண்டு வந்தவனுக்கு மரியாதை. இன்று ஏறி ஓட்டுகிறவனுக்கு அனுதாபம். பொறியியல் முப்பத்தாறு வருடத்தில் எவ்வளவோ முன்னேறியிருக்கிறது, ஏறி உட்கார்ந்தவனைப் பற்றி ஊர் என்ன சொல்லும் என்பதற்கு மட்டும் அது இன்னும் ஒரு கியர் கண்டுபிடிக்கவில்லை.

2023 செப்டெம்பர் முதலாம் திகதி கியூஆர் முறையை நிறுத்தினார்கள். அன்று மாலையே பச்சைச் சைக்கிள் குசினிச் சுவரில் சாய்ந்தது. கொடி கட்ட வசதியான உயரம்.

அதை அங்கிருந்து மீட்டது என் தங்கச்சி மகன். கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிற பீக்கோ டிரெயில் என்ற நடைப்பாதையை, 300 கிலோமீற்றருக்கு மேல், 22 கட்டமாக, பழைய தோட்டப் பாதைகளை எல்லாம் கோத்துப் போட்டிருக்கிறார்கள். அது டயகமவையும் தொட்டுக்கொண்டு போகிறது. எங்கள் தாத்தாமார் பேர் போட்டு நடந்த பாதையில் இன்று வெளிநாட்டார் விமானச் சீட்டு வாங்கிவந்து நடக்கிறார்கள். தங்கச்சி மகன் வீட்டில் இரண்டு அறையைச் சுத்தமாக்கி அவர்களைத் தங்கவைக்கிறான். நடந்து களைத்தவர்களில் சிலர் சைக்கிள் கேட்டார்களாம். நுவரெலியாவில் கிரகரி ஏரிக்கரையில் வாடகைச் சைக்கிள் ஓடுவதை அவனும் பார்த்திருக்கிறான். பச்சைச் சைக்கிளை அரை விலைக்கு வாங்கிப்போனான். இரண்டு மணித்தியாலத்துக்கு அவன் வாங்கும் வாடகை ஒரு பேருக்கு மேலே. நான் சொல்வது 2024இல் கூட்டிக்கொடுத்த 1350 ரூபாப் பேர்.

போன மாதம் வந்தான். தொழில் பரவாயில்லை, இன்னும் இரண்டு சைக்கிள் எடுக்கவேண்டும், பழையது என்றாலும் சரி, அதிக விலை போகக்கூடாது, மாமாதான் வந்து பார்த்துத் தெரிவு செய்து தரவேண்டும் என்றான். வழக்கமான கேள்விகளுக்கு நான் தயாராக இருந்தேன். கரியர் எப்படி, நிறம் என்ன, பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்.

"அதெல்லாம் கெடக்கட்டும் மாமா. பிரேக் எப்புடி? மழையில புடிக்குமா? எறக்கத்துல நிக்குமா?"

எனக்குக் கண் கலங்காத குறை. அப்பா கேட்கவில்லை, தலைவர் கேட்கவில்லை, யாழ்ப்பாணத்து நிபுணர் கேட்கவில்லை, என் மகனும் நான் சொல்லித்தான் பார்த்தான். எங்கள் குடும்பத்தில் சைக்கிள் என்றதும் முதலில் பிரேக்கைக் கேட்ட ஆள் இவன் ஒருவன்தான்.

"நல்ல கேள்விடா" என்றேன். "எப்புடி ஒனக்கு இந்த யோசனை வந்திச்சு?"

"வேற என்னா மாமா, விழுந்தா வெள்ளைக்காரன்ல விழுவான்."